ஏ/பி போட்டால் ஃபாரம் ஏற்கவில்லை: வேலை விண்ணப்பத்தில் உதவி தேவை

பிறைப்பெண்:
வணக்கம். பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு அமெரிக்கக் கம்பெனி ஸ்டோர் அசிஸ்டன்ட் வேலைக்கு ஆள் கேட்டிருக்கிறது. என்னிடம் டிப்ளோமா இருக்கிறது, பிறையில் ஒரு கிடங்கில் வேலை பார்த்த அனுபவமும் இருக்கிறது. ஆனால் ஆன்லைன் ஃபாரத்தின் முதல் பக்கத்தையே தாண்ட முடியவில்லை. ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ளபடி 'இன்னாரின் மகள்' என்பதற்கான ஏ/பி போட்டுப் பெயரை எழுதினால் சிவப்பாகக் கோடு வருகிறது. லாஸ்ட் நேம் வேறு கட்டாயமாம். நமக்கேது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டால் நாளைக்கு ஐசியோடு ஒத்துப்போகவில்லை என்று தள்ளிவிடுவார்களா?

எதிர்பார்க்கும் சம்பளம் என்ற பெட்டி எண்ணை மட்டும்தான் ஏற்கிறது. என்ன போடுவது? இன்னொன்று, 2023 ஜூலையில் கிடங்கு ஒப்பந்தம் முடிந்தது. அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியதால் அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. காலையில் அத்தையின் ஒட்டுக்கடையில் (சிறு உணவுக் கடை) இருப்பேன், அவ்வளவுதான். அந்த இடைவெளியை எப்படிக் காட்டுவது?

சுங்கைப்பட்டாணி அண்ணன்:
இடைவெளியைக் காட்டவே வேண்டாம். கிடங்கு வேலையை இந்த வருடம் வரை இழுத்துவிடுங்கள். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

எச்ஆர் அக்கா:
அண்ணே, தயவு செய்து இதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நேர்காணலுக்குப் பிறகு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கறிக்கையும் கடைசி மாதங்களின் சம்பளச் சீட்டும் கேட்கிற கம்பெனிகள் நிறைய. இபிஎஃப் அறிக்கையில் எந்த முதலாளி எந்த மாதம் வரை கட்டினார் என்று வரிசையாக இருக்கும். அங்கே மாட்டினால் வேலை போவது மட்டுமல்ல, அந்தக் கம்பெனி பக்கமே பிறகு தலைகாட்ட முடியாது.

தங்கச்சி, பெயர் விஷயம் முதலில். இந்த ஃபாரங்கள் குடும்பப் பெயர் இருக்கிற ஊர்க்காரர்களுக்காக எழுதப்பட்டவை. ஃபர்ஸ்ட் நேமில் உங்கள் பெயர், லாஸ்ட் நேமில் அப்பா பெயர், நடுவில் ஏ/பி வேண்டாம். 'ஐசியில் உள்ளபடி முழுப் பெயர்' என்று தனிப் பெட்டி இருந்தால் அங்கே முழுதாக எழுதுங்கள். சாய்கோட்டை அதுவும் ஏற்காவிட்டால் கோட்டை மட்டும் விட்டுவிட்டு ஏ, பி இரண்டையும் போடுங்கள். பயப்படாதீர்கள். விண்ணப்பத்தில் இருக்கிற பெயரை வைத்து யாரும் இபிஎஃப், பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு) பதிவதில்லை. வேலை உறுதியான பிறகு ஐசியை, அதாவது மைகார்டைப் பார்த்துத்தான் பதிவோம். ஒன்றே ஒன்று: ரெசுமியிலும் ஃபாரத்திலும் மின்னஞ்சலிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். ஓரிடத்தில் முழுப் பெயர், இன்னோரிடத்தில் வீட்டுச் செல்லப் பெயர் என்றால் தேடும்போது எங்களுக்கே தலைவலி.

அதே பக்கத்தில் இன்னும் சில கண்ணிகள் உண்டு. ஐசி எண்ணைச் சில ஃபாரங்கள் கோடில்லாமல் 12 இலக்கமாகத்தான் ஏற்கும். தொலைபேசிக்கு +60 ஏற்கனவே இருந்தால் முதல் பூஜ்யத்தை எடுத்துவிடுங்கள். அமெரிக்கக் கம்பெனி என்றால் தேதியில் மாதம் முன்னால் வரலாம். 5 ஜூலை என்று நீங்கள் போட்டது அங்கே 7 மே ஆகிவிடும், சிவப்புக் கோடும் வராது.

மோட்டார் தம்பி:
ரெசுமியை ஏற்றினால் தானாகவே நிரப்பிக்கொள்கிறது என்று நம்பி அப்படியே அனுப்பிவிடாதீர்கள் அக்கா. இரண்டு நெடுவரிசை, படம், வண்ணம் எல்லாம் வைத்த அழகான ரெசுமி என்றால் படிப்பு வேலைப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஒற்றை நெடுவரிசை வேர்ட் கோப்பு ஒன்றைத் தனியாக வைத்திருங்கள். நீண்ட பதில்களை நோட்பேடில் எழுதி ஒட்டுவது நல்லது, கொஞ்ச நேரம் சும்மா இருந்தாலே சில தளங்கள் வெளியே தள்ளிவிடும்.

சொந்த வாகனம் உண்டா என்று கேட்டால் உண்டு என்று போடுங்கள், மோட்டார் சைக்கிளும் வாகனம்தான். பினாங்குப் பாலத்தில் மோட்டாருக்கு 2019இலிருந்து டோல் கிடையாது, மழைதான் தொல்லை.

பிறைப்பெண்:
அக்கா, பெயர்ப் பக்கம் தாண்டியாயிற்று! நன்றி. சம்பளமும் இடைவெளியும் இன்னும் பாக்கி. செய்த வேலையை விவரிக்கிற பெட்டியில் "கிடங்கில் எல்லா வேலையும் செய்தேன்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன், போதுமா?

எச்ஆர் அக்கா:
போதாது. விளம்பரத்தைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். அதில் சைக்கிள் கவுண்ட் (சரக்கைப் பகுதி பகுதியாக எண்ணுவது), சாப் (நிறுவன மென்பொருள்), டெலிவரி ஆர்டர் என்று இருக்கும். முதல் வடிகட்டலில் நாங்கள் தேடுவது அந்தச் சொற்களைத்தான். நீங்கள் செய்ததை அதே சொற்களில் எழுதுங்கள், செய்யாததை எழுதவேண்டாம். "வாரந்தோறும் சைக்கிள் கவுண்ட் எடுத்தேன், கணினியில் உள்ள எண்ணிக்கையோடு ஒத்துப் பார்த்தேன், வித்தியாசம் இருந்தால் சூப்பர்வைசருக்கு அறிக்கை கொடுத்தேன்" என்று எழுதினால் உங்களைக் கூப்பிடக் காரணம் கிடைக்கிறது. சாப் தொட்டதில்லை என்றால் எந்த மென்பொருளில் வேலை செய்தீர்களோ அதன் பெயரைப் போடுங்கள்.

இடைவெளிக்கு ஒரு வரி போதும்: குடும்பப் பராமரிப்பு, 2023 ஜூலை முதல். நோயைப் பற்றி விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒட்டுக்கடையை ஏன் மறைக்கிறீர்கள்? அங்கே நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?

பிறைப்பெண்:
மாவு, தேங்காய், முட்டை ஆர்டர் கொடுப்பேன். கல்லாவையும் டுயிட்நவ் கியூஆரில் வந்த பணத்தையும் சாயங்காலம் சரிபார்ப்பேன். பக்கத்துக் கடைக்காரர்களோடு ஹொக்கியன் சீனத்தில்தான் பேச்சு.

எச்ஆர் அக்கா:
ஆர்டர், இருப்பு, கணக்கு. ஸ்டோர் வேலைக்கு வேறென்ன வேண்டும்? குடும்பக் கடை, பகுதி நேரம் என்று தெளிவாகச் சொல்லி வேலை அனுபவத்திலேயே போடுங்கள். ஹொக்கியனை மொழிகள் பகுதியில் 'பேச மட்டும்' என்று சேருங்கள். பினாங்கில் அது சும்மா இல்லை. நம் பிள்ளைகள் பாதிப் பேர் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று நிறுத்திவிடுகிறார்கள்.

சம்பளத்துக்குப் பூஜ்யம் போடாதீர்கள், சில இடங்களில் அதை அப்படியே வடிகட்டிவிடுவார்கள். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), அதற்குக் கீழே பேச்சே இல்லை. இதே பதவிக்கு வேலைத் தளங்களில் போட்டிருக்கிற தொகையைப் பார்த்து, நடுவிலிருந்து சற்று மேலே ஒரு எண்ணைப் போடுங்கள். அது அடிப்படைச் சம்பளமாக இருக்கட்டும். ஷிஃப்ட் அலவன்ஸையும் ஓவர்டைமையும் சேர்த்துப் போட்டால் உங்களை விலை அதிகம் என்று நினைப்பார்கள்.

ஜார்ஜ்டவுன் கணக்கர்:
இடையில் ஒரு கேள்வி. நான் இன்னும் வேலையில் இருக்கிறேன். நோட்டீஸ் பீரியட் பெட்டியில் 'உடனடி' என்று போட்டால் வாய்ப்பு கூடுமா?

எச்ஆர் அக்கா:
ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் போடுங்கள். ஒப்பந்தத்தில் எதுவும் இல்லையென்றால் மலேசியாவின் 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி வேலை பார்த்த காலம் இரண்டு ஆண்டுக்குள் என்றால் 4 வாரம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 6 வாரம், ஐந்துக்கு மேல் 8 வாரம். 'உடனடி' என்று போட்டுவிட்டு நேர்காணலில் இரண்டு மாதம் என்றால் முகம் மாறும்.

சுங்கைப்பட்டாணி அண்ணன்:
சரி சரி, இபிஎஃப் விஷயம் எனக்கு உறைத்துவிட்டது. ஆனால் இன்னொன்றைச் சொல்லியே ஆகவேண்டும். வாட்சாப்பில் வந்து "பதிவுக் கட்டணம் கட்டு, ஐசி இரண்டு பக்கமும் வங்கி எண்ணும் அனுப்பு" என்கிற ஏஜண்டுகளிடம் எதையும் கொடுக்காதீர்கள் தங்கச்சி. விண்ணப்பக் கட்டத்தில் வங்கி எண் யாருக்கும் தேவையில்லை. பணம் போய்விட்டால் உடனே 997 என்ற மோசடிப் புகார் எண்ணுக்கு அழையுங்கள்.

பிறைப்பெண்:
நன்றி அண்ணே. கடைசி பக்கத்தில் இரண்டு ரெஃபரன்ஸ் கேட்கிறது. ஒருவர் பழைய சூப்பர்வைசர், இன்னொருவருக்கு அத்தையைப் போடலாமா?

எச்ஆர் அக்கா:
உறவினர் வேண்டாம். பாலிடெக்னிக் விரிவுரையாளர் யாராவது உங்களை நினைவில் வைத்திருப்பார், அவரைக் கேளுங்கள். சூப்பர்வைசருக்கு இன்றே ஒரு செய்தி அனுப்பி, எந்த வேலைக்கு என்று சொல்லி, இப்போதைய எண்ணையும் பதவியையும் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் அழைக்கும்போது "யார் அது?" என்று அவர் கேட்டால் எங்களுக்கும் சங்கடம். அவர் சரி என்ற பிறகு அனுப்புங்கள், அனுப்புமுன் முழு ஃபாரத்தையும் பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள். நேர்காணலில் அதை வைத்துத்தான் கேட்பார்கள்.