ஏப்ரல் 5 என்றாலே அந்தக் கடிதம்தான்

சம்பளக்கணக்கு:

மறுபடியும் மார்ச் வந்துவிட்டது, இது 2026. இயர் எண்ட் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, ஆனாலும் இரண்டு வருடமாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை எழுதிவிட்டுப் போகிறேன். நான் இங்கிலாந்தில் கேர் ஹோம் ஒன்றுக்குப் பேரோல், அதாவது சம்பளக் கணக்கு, பார்க்கிறேன். நான்கு வாரத்துக்கு ஒரு முறை வெள்ளிக்கிழமை சம்பளம், வருடத்துக்கு 13. 2023-24ல் முதல் சம்பளம் ஏப்ரல் 7. அங்கிருந்து 28, 28ஆக எண்ணிக்கொண்டு போனால் 14வது சம்பளம் சரியாக 2024 ஏப்ரல் 5 அன்று, வரி வருடத்தின் கடைசி நாளில் வந்து உட்கார்ந்தது. இதே வேலை பார்க்கிறவர்களுக்குப் புரியும், வீக் 56, அதாவது 52 வாரத்துக்கு மேல் வரும் கூடுதல் நான்கு வாரச் சம்பளம்.

சாஃப்ட்வேரில் மஞ்சள் பெட்டி ஒன்று எட்டிப் பார்த்தது, வீக் 56 ஆக ஓட்டவா என்று. ஆமாம் என்று அழுத்தினேன். விதிப்படி அதுதான் சரி. 12,570 பவுண்ட் வரிவிலக்கு முந்தைய 13 சம்பளத்திலேயே தீர்ந்துபோயிருக்கும், ஆனால் இந்தச் சம்பளத்துக்கும் நான்கு வார விலக்கைக் கொடுத்துத்தான் கணக்குப் போட வேண்டும். அதாவது, அன்றைக்குக் கையில் கொஞ்சம் கூடக் கிடைக்கும், வருடக் கணக்கைச் சேர்த்துப் பார்க்கும்போது அது பாக்கியாக நிற்கும்.

ஆகஸ்டில் ஒரு அக்கா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர், இரவு ஷிஃப்ட் முடிந்த கையோடு வந்திருந்தார். யூனிஃபார்ம் பாக்கெட்டிலிருந்து எட்டாக மடித்த பி800 கடிதத்தை (வருடம் முடிந்ததும் வரித்துறை கணக்குப் பார்த்து அனுப்புவது) எடுத்து என் மேசையில் வைத்துக் கட்டைவிரலால் நீவி நீவி விரித்தார். 190 பவுண்ட் சொச்சம் கட்ட வேண்டும் என்று இருந்தது. "தம்பி, நீர்தானே கணக்குப் பார்க்கிறது? நான் ஒரு சதமும் ஒளிக்கயில்லையே, பிறகேன் எனக்கு இது?" என்றார். நான் வீக் 56, விதி, சாஃப்ட்வேர் என்று ஏதேதோ சொன்னேன். அவர் கேட்டது அதை இல்லை. மார்ச்சிலேயே உனக்குத் தெரியும்தானே என்பதுதான் கேள்வி. அவர் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை, கடிதத்தைத் திரும்ப எட்டாக மடித்து வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். பேஸ்லிப்பில் ஒரு வரிக் குறிப்பு போட்டிருக்கலாம். போடத் தோன்றவில்லை.

குரோய்டன் தம்பி:

அண்ணா, என் கதையும் ஏப்ரல் 5தான். பழைய வேலையில் கடைசி நாள் 2025 மார்ச் 28, புது வேலை ஏப்ரல் 7 திங்கள். நடுவில் ஒரு வாரம் சும்மா வீட்டில் இருந்தேன், அந்த ஒரு வாரம்தான் வினை. வீட்டுக் கடனுக்கு புரோக்கர் 2024-25 பி60 (வருடத்தின் மொத்தச் சம்பளமும் வரியும் காட்டும் தாள்) கேட்டார். பழைய இடத்தில், ஏப்ரல் 5 அன்று நீ எங்களிடம் இல்லை, வேலையை விடும்போது தரும் பி45 கொடுத்துவிட்டோம் என்றார்கள். புது இடத்தில், நீ வந்ததே ஏப்ரல் 7, அந்த வருடத்துக்கு நாங்கள் எப்படித் தருவது என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான்! எனக்கு அப்போது அது தெரியாது. பழைய ஆபீஸ் பேரோல் அம்மாவிடம் போனில் கத்திவிட்டேன், "பன்னிரண்டு மாசம் வரி பிடிச்சீங்களே, ஒரு தாள் தர முடியாதா" என்று. அவர் ஒன்றும் பேசாமல் முழுவதையும் கேட்டுவிட்டு, "உன் கையில் இருக்கும் பி45லயே மொத்தச் சம்பளம், மொத்த வரி எல்லாம் இருக்கு, பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. அதுவரை பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் பி45ஐயும், எச்எம்ஆர்சி (வரித்துறை) பர்சனல் டாக்ஸ் அக்கவுண்டில் இருந்து எடுத்த அந்த வருட வருமானப் பக்கத்தையும் கொடுத்து வேலை முடிந்தது. அந்த அம்மாவுக்கு ஒரு சாரி மெயில் போடணும்னு இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஹாரோ கடைக்காரன்:

என்னுடையது சின்னக் கடை, நாலு பேர் வேலை. போன ஏப்ரலில் அக்கவுண்டன்ட் பேரோல் சாஃப்ட்வேரை மாற்றினவர். மாற்றினது பிழையில்லை. எல்லாருக்கும் புதுப் பேரோல் ஐடி விழுந்திருக்கு, பழைய ஐடி இதுதான், மாறியிருக்கு என்று எஃப்பிஎஸ்சில் (ஒவ்வொரு சம்பளத்துக்கும் வரித்துறைக்கு அனுப்பிற அறிக்கை) குறிக்கவேணும், அதை மனிசன் விட்டிட்டார். என்ன நடந்தது? வரிக் கணக்கில் ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு வேலை. ஒரே கடை, ஒரே ஆள், இரண்டு வேலை!

கல்லாவில் நிற்கிற பெடியன் படிக்கிறவன், மாசம் தொள்ளாயிரத்துச் சொச்சம்தான் எடுப்பான், வரி ஒரு சதமும் வரக்கூடாது. ஜூன் சம்பளத்தில் வரிக் கோட் பிஆர் (வரிவிலக்கே இல்லாத கோட்) என்று வந்து 190 பவுண்ஸ் போயிட்டுது. சனிக்கிழமை பின்னேரம், கடை நிறையச் சனம், லாட்டரி லைன் வாசல் வரைக்கும் நிற்குது, இவன் போனில் பேஸ்லிப்பைக் காட்டி, "அண்ணை, நான் இந்த மாசம் ரூம் வாடகை எதில குடுக்கிறது?" என்று கேட்கிறான். பின்னால் நின்ற வெள்ளைக்காரக் கிழவி எங்கள் பாஷை விளங்காவிட்டாலும் முகத்தைப் பார்த்தே என்னை முறைக்கிறாள். கல்லாவில் இருந்தே இருநூறை எடுத்துக் கொடுத்திட்டு, திங்கள் காலமை போனைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இரண்டு மாசத்தில் கோட் திரும்ப 1257எல் (12,570 பவுண்ட் விலக்குக்கான கோட்) ஆகி, பிடித்த காசு சம்பளத்தோடயே வந்திட்டுது. அவனும் என் இருநூறைத் திருப்பித் தந்தவன், கேட்காமலே.

தம்பி, ஒரு கதை, நீர் அந்த அம்மாவோடு சண்டை பிடித்திருக்கத் தேவையில்லை. ஆனால் கேட்டால் பி60 கொடுக்கத்தான் வேணும் என்று எனக்கு ஒருத்தர் சொன்னவர்.

இனிஷியல் இல்லாதவன்:

கடைக்கார அண்ணே, கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 5 அன்று பேரோலில் இருந்தவர்களுக்கு மட்டும்தான், அதுவும் மே 31க்குள். முன்னாடியே போனவர்களுக்கு பி45தான்.

என் அனுபவம் இரண்டு வரி. எங்கள் ஊர் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்று கேட்டு அப்பா பெயரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள் இல்லையா. முதல் பி60 'மிஸ்டர்' போட்டு என் அப்பா பெயருக்கு வந்தது. அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது, ஒரு நாள்கூட இங்கிலாந்தில் கால் வைத்ததில்லை, ஆனால் அந்த வருடம் இங்கே நாலாயிரம் பவுண்ட் வரி கட்டியிருந்தார். அம்மாவுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன்.

சரி, புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன், பி60 கைக்கு வந்ததும் டிராயரில் போடாதீர்கள். முதலில் நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர், கடைசி எழுத்து உட்பட. அடுத்து கோட். வருடம் முடிந்து புது ஏப்ரல் ஓடிய பிறகும் பேஸ்லிப்பில் 1257எல் எம்1 என்று வால் (வருடத்தைச் சேர்க்காமல் அந்த மாதத்தை மட்டும் பார்த்து வரி பிடிப்பது) ஒட்டிக்கொண்டிருந்தால் பேரோலில் கேளுங்கள், பொதுவாக அந்த வாலை ஏப்ரல் 6ல் எடுத்துவிட வேண்டும். நடு வருடத்தில் வேலை மாறியிருந்தால் பழைய வேலைச் சம்பளம் தனிக் கட்டத்தில் வந்திருக்கிறதா என்று பாருங்கள், பி45 கொடுக்காமல் சேர்ந்திருந்தால் அங்கே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கம்பெனி கார், மெடிக்கல் இன்சூரன்ஸ் வாங்குகிறவர்கள் பி60 மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள், அந்தச் சலுகைகளைக் காட்டும் பி11டி ஜூலை 6க்குள் வரும், இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வரி கூடப் பிடித்திருந்தால் நான்கு வருடம்வரை பின்னால் போய்க் கேட்கலாம், 2021-22க்குக் கடைசி நாள் 2026 ஏப்ரல் 5. அப்புறம் முக்கியமானது, பி60 தொகையும் கான்ட்ராக்டில் இருக்கும் வருடச் சம்பளமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் விடாதீர்கள், சண்டை போடுங்கள்.

நைட் டியூட்டி:

கடைசியில் சொன்னீர்களே, அதை நம்பி நான் சண்டை போட்டேன், சகோ. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் நர்ஸ், சம்பள நிலை பேண்ட் 6. கான்ட்ராக்டில் 37 ஆயிரம் சொச்சம், பி60ல் 33 ஆயிரம் சொச்சம். மார்ட்கேஜ் ஆள் அந்தத் தொகையைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, ஒன்றும் பேசாமல் என் கணவரைப் பார்த்தார். கவனியுங்கள், என்னைப் பார்க்கவில்லை. சம்பளத்தைக் கூட்டிச் சொன்ன திருட்டு மனைவி மாதிரி உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மருத்துவமனை பேரோல் ஆபீசில் போய், நாலாயிரம் எங்கே என்று குரலை உயர்த்திக் கேட்டேன். அங்கிருந்த சின்னப் பெண் என் மார்ச் பேஸ்லிப்பை எடுத்துப் பென்ஷன் என்ற வரியில் விரலை வைத்தாள். எங்கள் பென்ஷன் பிடித்தம் வரிக்கு முன்னாலேயே போய்விடும், பி60ல் வருவது மீதி. சாலரி சாக்ரிஃபைஸ் (சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து அதற்குப் பதில் சலுகை வாங்குவது) போட்டவர்களுக்கும் கான்ட்ராக்டைவிடக் குறைவாகத்தான் தெரியும். நடு வருடத்தில் சேர்ந்தவர்கள், பிரசவ விடுப்பில் போனவர்கள் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒப்பிட வேண்டியது வருடத்தின் கடைசி பேஸ்லிப்பில் இருக்கும் வரிக்குரிய சம்பள மொத்தத்தோடு. தயவுசெய்து கான்ட்ராக்டோடு இல்லை.

இனிஷியல் இல்லாதவன்:

சரி சரி, அது பென்ஷன் இல்லாதவர்களுக்குச் சொன்னது.

நைட் டியூட்டி:

முதலாளியே ஆட்களைப் பென்ஷனில் சேர்க்க வேண்டும் என்ற ஆட்டோ என்ரோல்மென்ட் வந்த பிறகு பென்ஷன் இல்லாதவர் எத்தனை பேர்?

ஏப்ரல் 19:

ஒரு ஆள் கம்பெனி, நானே டைரக்டர், நானே பேரோல். கடைசி எஃப்பிஎஸ்சில் 'இந்த வருடத்துக்கு இதுவே கடைசி' என்ற கட்டத்தை டிக் செய்ய மறந்துவிட்டேன். தெரிந்தது ஏப்ரல் 19 இரவு, மகள் பிறந்தநாள் விருந்து, வீடு நிறைய ஆட்கள். 11:40க்கு பாத்ரூமில் லேப்டாப்பை வாஷிங் மெஷின் மேல் வைத்து, விட்டதைச் சொல்ல வரித்துறைக்கு இபிஎஸ் என்ற தனி அறிக்கை அனுப்பினேன். வெளியே யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அக்செப்டட் என்று வந்த பிறகுதான் திறந்தேன். கதவில் நின்றவர் மாமனார்.

சம்பளக்கணக்கு, உங்கள் பிரச்சினைக்கு ஒரு வழி இருந்ததே. பேமென்ட் தேதியை ஏப்ரல் 6 என்று போட்டிருந்தால் அந்தச் சம்பளம் அடுத்த வருடத்துக்குப் போயிருக்கும், அந்த அக்காவுக்குக் கடிதமே வந்திருக்காது. இதுகூடத் தெரியாமல் எப்படி?

சம்பளக்கணக்கு:

தெரியாமல் இல்லை. பணம் 5ஆம் தேதி பேங்கில் ஏறிவிட்டு எஃப்பிஎஸ்சில் 6 என்று எழுதினால் அது பொய். சம்பள நாள் பேங்க் லீவில் விழுந்து முன்கூட்டியே கொடுத்தால் வழக்கமான தேதியைப் போடலாம், அது வேறு விஷயம். 2026ல் ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு, நிறையப் பேர் இதில் குழம்பப்போகிறார்கள். 2024 ஏப்ரல் 5 சாதாரண வெள்ளிக்கிழமை.

28 நாள் சுழற்சியில் வீக் 56 வருவது இருபது வருடத்துக்கு மேல் ஒரு முறை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் பார்த்திருக்க மாட்டார், நானும் இனிமேல் பார்ப்பேனா தெரியாது. அதனால்தான் மஞ்சள் பெட்டியைப் பார்த்து யோசிக்காமல் அழுத்தினேன் போல.

அந்த அக்காவிடம் பாக்கியை மொத்தமாகக் கேட்கவில்லை, 2025-26 வரிக் கோட் எண்ணைக் குறைத்துச் சம்பளத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தார்கள். 1257எல் இருந்த இடத்தில் 1160க்குப் பக்கத்தில் ஒரு எண். டிசம்பரில் அவர் ஓய்வு பெற்றார். கேக் வெட்டினோம், என் வாயில் ஒரு துண்டை ஊட்டிவிட்டு, "சாப்பிடும் தம்பி" என்றார். மத்தியானம் அவருடைய பி45ஐ நான்தான் பிரிண்ட் எடுத்தேன். அந்தக் கோட் அதில் அப்படியே இருந்தது.