நீர்க்கட்டிக்கு மெட்ஃபார்மின்: வயிறு ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்தலாமா?

கோத்தகிரி வாசகி:
சினைப்பை நீர்க்கட்டிக்காகவும், குழந்தைப்பேறு தள்ளிப்போவதாலும், கோயம்புத்தூர் மருத்துவர் எனக்கு மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்திருக்கிறார். இரவு மட்டும் 500 மில்லிகிராம் என்றிருந்தவரை சமாளித்தேன். காலையிலும் ஒன்று சேர்த்த பிறகு குமட்டலும் வயிற்றுப்போக்கும் பாடாய்ப் படுத்துகின்றன. தேநீரோடு இரண்டு வர்க்கியைத் தின்று, மாத்திரையைப் போட்டுக்கொண்டு குன்னூர் பேருந்தில் ஏறினால், வளைவுக்கு வளைவு வயிறு புரட்டுகிறது. வாயில் இரும்பை நக்கியது போன்ற ருசி வேறு. சர்க்கரை நோய் இல்லாதவளுக்கு எதற்குச் சர்க்கரை மாத்திரை என்று மாமியார் கேட்கிறார். நிறுத்திவிடலாமா?

உதகை மருந்தாளுநர்:
தாங்களாக நிறுத்த வேண்டாம், சகோதரி. நீர்க்கட்டி உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாததால், உடல் அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை அதிகரிக்கச் செய்வதால்தான் கருமுட்டை முதிராமல் நின்றுவிடுகிறது. மெட்ஃபார்மின் கல்லீரல் வெளியிடும் சர்க்கரையைக் குறைத்து, உள்ள இன்சுலினையே நன்றாக வேலை செய்ய வைக்கிறது. தனியாக எடுத்துக்கொள்ளும்போது சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்குவது அரிது என்பதை மாமியாரிடம் சொல்லுங்கள்.

குமட்டல் பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். மெதுவாகக் கரையும் எஸ்ஆர் வகை வயிற்றைக் குறைவாகவே தொந்தரவு செய்யும் என்பதால், அதற்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதை உடைக்காமல், மெல்லாமல் விழுங்க வேண்டும். சில நேரம் அதன் கூடு மலத்தில் முழு மாத்திரை போலவே வெளிவரும். மருந்து உள்ளே இறங்கியிருக்கும், பயப்பட வேண்டாம்.

மேல்கூடலூர்க்காரி:
கழற்சிக்காய்ப் பொடி சாப்பிட்டால் போதும், இங்கிலீஷ் மருந்தே வேண்டாம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதையும் யோசியுங்கள்.

உதகை மருந்தாளுநர்:
சித்த மருத்துவரைப் பார்ப்பது தங்கள் விருப்பம். ஆனால் கருத்தரிக்க முயலும் காலத்தில் இரண்டு மருத்துவர்களுக்கும் தெரியாமல் எதையும் கலந்து சாப்பிடுவது சரியல்ல.

குன்னூர் அக்கா:
அம்மா, வர்க்கி காலை உணவாகாது, அது மைதாவும் கொழுப்பும்தான். ராகிக் களியோ இட்லியோ, கொஞ்சம் பயறோடு வயிறாரச் சாப்பிட்ட பிறகு மாத்திரை போட்டபோதுதான் எனக்குப் பேருந்துப் பயணம் சாத்தியமானது. பலரும் கவனிக்காத ஒன்று: மாதவிலக்கு சீராவதற்கு முன்பே கருமுட்டை வெளிவரக்கூடும், ஆகவே நாள் தள்ளிப்போனால் பழைய கோளாறு என்று விட்டுவிடாமல் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகலாம். கருமுட்டை வெளிவருவதற்கென்று முதலில் கொடுக்கப்படுவது பொதுவாக லெட்ரோசோல் என்ற மாத்திரை என்பதால், மெட்ஃபார்மின் மட்டும் போதுமா என்றும் கேளுங்கள். மெட்ஃபார்மினை நீண்ட நாள் சாப்பிட்டால் பி12 சத்து குறையலாம்; சைவம் என்றால் அதையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி வாசகி:
நன்றி, அக்கா. எஸ்ஆர் பற்றி நாளைக்கே மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்கிறேன்.