ஜப்பான் மல்யுத்த வீராங்கனை சவோரி யோஷிதாவை நேரிலோ டிவியிலோ பார்த்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

நகோயாவிலிருந்து நானே தொடங்குகிறேன். 2016 ஆகஸ்ட் 19, வெள்ளிக்கிழமை. ரியோ ஒலிம்பிக்கின் 53 கிலோ இறுதிப்போட்டி இங்கே விடியற்காலை என்பதால் அலாரம் வைத்து எழுந்தேன். ஜெயிப்பாரா என்ற கேள்வியே எனக்கு இல்லை. ஏதென்ஸ், பெய்ஜிங், லண்டன் என்று வரிசையாக மூன்று தங்கம், 2002 முதல் 2015 வரை 13 உலகப் பட்டம், நாலாவது தங்கத்தைப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எதிரே ஹெலன் மருலிஸ், 2012 உலகப் போட்டி இறுதியில் இவரிடமே தோற்ற அமெரிக்கப் பெண். 4-1, ஜெயித்தது மருலிஸ். யோஷிதா பாயிலேயே கவிழ்ந்து அழுதார். அப்புறம் மைக் முன்னால் வந்து மன்னிப்புக் கேட்டார், வெள்ளி வாங்கியதற்கு! அப்பா திட்டுவார் என்றும் சொன்னார். அப்பா எய்காட்சு 2014-லேயே இறந்துவிட்டார். அன்று ஆபீசில் மதியம்வரை யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ட்சு நகரத்திலிருந்து:
அண்ணா, நான் இருப்பது அவருடைய ஊரிலேயே. சனிக்கிழமை ஷட்டில் ஆடப் போகிற உள்ளரங்கத்தின் பெயர் சவோரினா. ரொம்ப நாள் அது ஏதோ இத்தாலி வார்த்தை என்று நினைத்திருந்தேன், கூட ஆடுகிற தாத்தா சிரித்துவிட்டார். 2017-இல் திறந்தார்களாம், யோஷிதா ஓய்வை அறிவித்ததே 2019 ஜனவரியில்தான், அதற்குள் ஊர் பெயர் வைத்துவிட்டது. அவர் அப்பாவும் பழைய தேசிய சாம்பியன், வீட்டிலேயே பிள்ளைகளுக்கு மல்யுத்தம் சொல்லிக்கொடுத்தவர். மூன்று வயதில் மகளைப் பாயில் இறக்கிவிட்டாராம். லண்டனில் ஜெயித்ததும் அந்த அப்பாவைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டாரே, அதைத் தாத்தா நடித்தே காட்டினார். நல்லவேளை, என்னைத் தூக்கவில்லை.

ஒசாகாவிலிருந்து:
எனக்கு மல்யுத்தம் சுத்தமாகத் தெரியாது. ஒரு விளம்பரத்தில் கண்ணிலிருந்து ஒளிக்கதிர் விடுவார், அப்படித்தான் பழக்கம். இங்கே அவருக்குப் பட்டப்பெயர் வேறு, மனிதன் குரங்கு எல்லாம் சேர்ந்த இனத்திலேயே பலசாலிப் பெண் என்று. கொரில்லாவும் அதில் அடக்கம், யோசித்துப் பாருங்கள்! என் மகளுக்கு அவர் டிவி நிகழ்ச்சியில் சிரித்துப் பேசுகிற ஆன்ட்டி, அவ்வளவுதான். 2021 டோக்கியோ தொடக்க விழாவில் ஜூடோ வீரர் நொமுராவோடு சுடரை ஏந்தி வந்தபோது, இவர் ஏன் அங்கே என்று கேட்டாள். சரி என்று பழைய பந்தயங்களைத் தேடிப் போட்டேன். 2008 ஜனவரியில் 119 தொடர் வெற்றிக்குப் பிறகு ஒரு தோல்வி, அழுகை, அதே ஆகஸ்டில் பெய்ஜிங் தங்கம். கண் இமைக்கும் நேரத்தில் குனிந்து பாய்ந்து எதிராளியின் காலை வாரிவிடுகிறாரே, அதை மட்டும் பத்துத் தடவை போடச் சொன்னாள். இப்போது நான் சோபாவிலிருந்து எழுந்தாலே என் காலைக் குறிவைத்து ஓடி வருகிறாள்.