ஓஸ்கி பரீட்சைக்கு முன் மாணவருக்கு எதைப் பழக்குவது?

உப்புவெளி77:
திருகோணமலையில் மருந்தாளர் படிப்பு மாணவர் பத்துப் பேரை ஓஸ்கிக்கு (OSCE: நிலையம் நிலையமாகப் போய், ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்துகாட்டும் செயல்முறைப் பரீட்சை) தயார்ப்படுத்த வேண்டும். பாடம் தண்ணீர்பட்ட பாடு. ஆள் முன்னால் வந்து நின்றால் தடுமாறுகிறார்கள். 5 நிமிட நிலையத்தில் எதை வைக்கலாம்?

நிலாவெளியான்:
தூளாக வரும் அமொக்சிசிலின் (அன்ரிபயோட்டிக்) சிரப்பைக் கலக்க விடுங்கோ. போத்தலைத் தட்டித் தூளை உதிர்த்து, கொதித்தாறிய தண்ணீரில் பாதியை விட்டுக் குலுக்கி, பிறகுதான் போத்தலிலுள்ள குறிவரை நிரப்ப வேணும். ஒரேயடியாக ஊற்றினால் அடியில் கட்டிபிடிக்கும். நுரை அடங்குமுன் குறியைப் பார்த்தால் தண்ணீர் குறைந்து மருந்தின் செறிவு கூடிவிடும், இதில்தான் சறுக்குவார்கள். லேபலில் வீசவேண்டிய திகதி இல்லையென்றால் புள்ளி குடுக்காதீங்கோ.

கிண்ணியா_மருந்தாளர்:
கணக்கையும் சேருங்க. 12 கிலோ பிள்ளை, பரசிற்றமோல் கிலோவுக்கு 15 மி.கி. என்றால் ஒரு வேளைக்கு 180 மி.கி. சிரப் 5 மி.லீட்டரில் 120 மி.கி. ஆகவே 7.5 மி.லீ. வீட்டுக் கரண்டி வேணாம். ஊசியில்லாத 10 மி.லீ. சிரிஞ்சில் 7.5 கோட்டைப் பிள்ளையின் தாய்க்கு விரலால் தொட்டுக் காட்டணும். "விளங்கிச்சா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவாங்க. "வீட்ட போய் எப்படிக் குடுப்பீங்க, செஞ்சு காட்டுங்க" என்று கேட்கப் பழக்குங்க. தாயாக நடிப்பவர் சில சுற்றில் சிங்களத்தில் பேசட்டும், நம்ம ஊர் மருந்து குடுக்கிற கவுண்டரில் அப்படித்தானே.

உப்புவெளி77:
கலக்கவும் விளக்கவும் 5 நிமிடம் காணுமா?

நிலாவெளியான்:
காணாது. இரண்டு நிலையமாகப் பிரியுங்கோ.