க்ளென்சிங் மில்க் உண்மையில் எவ்வளவு மேக்கப்பை எடுக்கிறது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கையில் ஒரு கோடு லிப்ஸ்டிக், ஒரு கோடு காஜல், கொஞ்சம் பவுண்டேஷன். மேலே க்ளென்சிங் மில்க்கை ஊற்றி ஒரே இழுப்பில் துடைத்து, "பாருங்கள், சுத்தமாகப் போய்விட்டது" என்று காட்டுகிற வீடியோக்களைப் பார்த்துத்தான் பாதிப் பேர் பாட்டில் வாங்குகிறோம். போட்டு நிமிடம்கூட ஆகாத மேக்கப்பை எடுக்க க்ளென்சிங் மில்க் எதற்கு, டிஷ்யூ பேப்பரே போதுமே. நீடித்து நிற்கும் வகைகளில் ஐசோடோடெக்கேன் மாதிரி சட்டென்று ஆவியாகும் திரவம் ஒன்று இருக்கும். அது பறந்துபோன பிறகுதான் பிசினும் நிறமியும் தோலின் மேல் படலமாக இறுகும். அந்தப் படலம் உருவாகும் முன்பே துடைத்துக் காட்டினால் அது சோதனையே இல்லை, விளம்பரம்.

அதனால் நானே உட்கார்ந்து செய்து பார்த்தேன். முன்கையின் உட்பக்கம், முடி அதிகம் இல்லாத இடமாகப் பார்த்து, சாதாரண பவுண்டேஷன், நீடித்து நிற்கும் பவுண்டேஷன், க்ரீம் லிப்ஸ்டிக், மேட் லிக்விட் லிப்ஸ்டிக், காஜல், வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகத் தடவி அரை மணி நேரம் சும்மா விட்டேன். பிறகு ஒவ்வொன்றுக்கும் தனிப் பஞ்சு, ஒரே அளவு மில்க். பஞ்சை மேலே வைத்துக் கொஞ்ச நேரம் பொறுத்து, ஒரே திசையில் மெதுவாக இழுத்தேன், தேய்க்கவில்லை. தேய்த்தால் மில்க் எடுத்ததா, கை அழுத்தம் எடுத்ததா என்று தெரியாது. இன்னொரு கையில் இதே வரிசை, ஆனால் வெறும் தண்ணீரில் நனைத்த பஞ்சு. இது ரொம்ப முக்கியம், தண்ணீருக்கே வருவதை எடுத்ததற்கு மில்க்குக்கு மதிப்பெண் கொடுக்கக் கூடாது இல்லையா.

சாதாரண பவுண்டேஷனும் க்ரீம் லிப்ஸ்டிக்கும் மில்க்குக்கு அலட்டாமல் வந்துவிட்டன. காஜல் கரைந்தது, ஆனால் பஞ்சில் ஏறுவதற்கு முன் கையெல்லாம் சாம்பல் நிறமாக இழுபட்டது. நீடித்து நிற்கும் பவுண்டேஷன் பாதிதான். மேட் லிப்ஸ்டிக் ஓரங்களில் மட்டும் உரிந்து, நடுவில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவும் கிட்டத்தட்ட அதே பிடிவாதம். இந்த மாதிரிப் பொருட்களின் பட்டியலில் ட்ரைமெத்தில்சிலாக்ஸிசிலிக்கேட் என்று மூச்சு வாங்க வைக்கும் ஒரு பெயர் அடிக்கடி வரும். அது சிலிகோன் பிசின். சாதாரண எண்ணெய்க்கு லேசில் இளகாது. குலுக்கிப் பயன்படுத்தும் இரண்டு அடுக்கு ரிமூவர்கள் இதை ஏன் எளிதாக எடுக்கின்றன என்றால், மேல் அடுக்கில் பெரும்பாலும் ஐசோடோடெக்கேன் அல்லது மெல்லிய சிலிகோன் திரவம் இருக்கும். எது கரைத்துப் பூசியதோ அதுவே திரும்ப வந்து கரைக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

முகத்தில் செய்தபோது வேறொன்று புரிந்தது. க்ளென்சிங் மில்க் என்பது பெரும்பகுதி தண்ணீர், அதற்குள் சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகள். காய்ந்த முகத்தில் காய்ந்த விரலால் வட்டமாகத் தடவிக்கொண்டே இருந்தால் முதலில் குளிர்ச்சியாக, வெள்ளையாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் வெண்மை மறையும், விரல் திடீரென்று வழுக்க ஆரம்பிக்கும், மூக்கோரத்தில் பவுண்டேஷன் பழுப்பாகக் கரைந்து ஓடுவது கண்ணாடியில் தெரியும். தண்ணீர் ஆவியாகி, கலவை உடைந்து, எண்ணெய் வெளியே வந்து வேலையைத் தொடங்கும் நேரம் அது. நம்மில் பலர் அதற்கு முன்பே துடைத்துவிடுகிறோம். ஈரக் கையால் தடவினால் இன்னும் மோசம், இருக்கிற எண்ணெயையும் நீர்க்க வைத்துவிட்டு "இந்த பிராண்ட் சரியில்லை" என்று எழுதுகிறோம்.

நீங்கள் எப்படிச் சோதித்தீர்கள், எது போகவே இல்லை?

* * *

எனக்குப் போகாதது மஸ்காரா, ஆனால் வாட்டர்ப்ரூஃப் இல்லை, அதுதான் வேடிக்கை. ட்யூபிங் மஸ்காரா என்று ஒரு வகை. மில்க் போட்டு இமைமேல் பஞ்சை வைத்துக் காத்திருந்தேன், துடைத்தேன், பஞ்சு அப்படியே வெள்ளையாக இருக்கிறது, இமைமுடி அப்படியே கறுப்பாக இருக்கிறது. அந்த வகையில் மெழுகு முக்கியமில்லை, ஒவ்வொரு முடியையும் சுற்றி அக்ரிலேட் பாலிமர் உறையாக மூடிக்கொள்ளும். எண்ணெய் அதை ஒன்றும் செய்யாது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சைக் கொஞ்ச நேரம் வைத்து லேசாக இழுத்தால் உறை ஊறிக் குட்டிக் குட்டிக் கறுப்பு நூலாகக் கழன்று வரும். முதல் தடவை பார்க்கிறவர்கள் இமைமுடியே கொட்டிவிட்டது என்று பதறுவார்கள். ஆக, தண்ணீர் வரிசையும் வைத்துச் சோதித்தது சரி. சில நேரம் தண்ணீர்தான் ஜெயிக்கும்.

* * *

நான் மேடை நாடகங்களுக்கு மேக்கப் போடுகிறேன். கையில் செய்யும் சோதனைக்கு ஒரு குறை உண்டு, யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன். முன்கையில் எண்ணெய்ப் பசை மிகக் குறைவு. முகத்தில் மணிக்கணக்காக இருந்த மேக்கப்போடு வியர்வையும் தோலின் எண்ணெயும் கலந்துவிடும், நெற்றியிலும் மூக்கிலும் அது பாதி இளகித்தான் இருக்கும். அதனால் கையில் "பாதிதான் போனது" என்று வந்த பவுண்டேஷன் நடிகர்கள் முகத்தில் ராத்திரி அவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை. நேர்மாறாக, மூக்கோரம், புருவம், தலைமுடி தொடங்கும் இடம் இதெல்லாம் கையில் கிடையாது. மிச்சம் தங்குவதே அங்கேதான். நான் புதிதாக ஒரு மில்க் வாங்கினால் முகத்தின் ஒரு பாதிக்கு அது, மறு பாதிக்குப் பழசு என்று துடைத்துப் பார்ப்பேன். ஒரே முகம், ஒரே மேக்கப், ஒரே நேரம். இதைவிட நியாயமான போட்டி எனக்குத் தெரியாது.

இன்னொன்று. மேடைக்குப் போடும் க்ரீஸ்பெயின்ட்டே எண்ணெயும் மெழுகும்தான், அதனால் கோல்ட் க்ரீம் போட்டாலே வழிந்து வந்துவிடும். அந்தக் கோல்ட் க்ரீமின் மூலத்தை 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்ற மருத்துவர் பெயரில் சொல்வார்கள், தேன்மெழுகும் எண்ணெயும் பன்னீரும். க்ளென்சிங் மில்க் அந்தப் பரம்பரைதான், கனம் குறைந்த பேரப்பிள்ளை. அதனிடம் சிலிகோன் பிசினை எடுக்கச் சொல்வது நம் ஆசை.

* * *

லிப் டின்ட் போட்டுச் சோதிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே இருப்பது போனபிறகும் உதட்டில் ரோஜா நிறம் நிற்கும், அதை மில்க்கின் தோல்வியாக எழுதாதீர்கள். சில டின்ட்டுகளில் ஈயோசின் வகைச் சாயம் இருக்கும். அது தோலின் மேலடுக்கில் உள்ள புரதத்தோடு பிடித்துக்கொள்ளும், அந்த அடுக்கு தானாக உதிரும்போதுதான் நிறமும் போகும். என் அக்கா இது புரியாமல் பஞ்சு மேல் பஞ்சாகத் தேய்த்து உதட்டைப் புண்ணாக்கிக்கொண்டாள். தேய்த்ததால் சிவந்ததா, சாயத்தால் சிவப்பா என்றுகூட கடைசியில் தெரியவில்லை.

* * *

முதலில் எழுதியவள்தான், பஞ்சைப் பற்றிச் சிலர் கேட்டதால் மறுபடி வருகிறேன்.

மில்க்கால் துடைத்த பிறகு மைசெல்லர் வாட்டர், அதாவது மேக்கப்பைத் துடைக்கும் தண்ணீர் மாதிரியான திரவம், நனைத்த இரண்டாவது பஞ்சால் துடைத்துப் பார்ப்பது நல்ல வழிதான். பஞ்சில் தோல் நிறம் ஏறினால் பவுண்டேஷன் மிச்சம் இருக்கிறது. ஆனால் லேசான மஞ்சளோ சாம்பலோ மட்டும் வந்தால் அது தோலின் எண்ணெயும் இறந்த செல்களுமாகவும் இருக்கலாம். பஞ்சு வெள்ளையாக வரும்வரை விடமாட்டேன் என்று அடம்பிடித்தால் முகம்தான் எரியும். இன்னொரு பக்கம், பஞ்சு வெள்ளையாக வந்தால் எல்லாம் போய்விட்டது என்றும் அர்த்தமில்லை. நிறமில்லாத சன்ஸ்கிரீனும், மேக்கப்புக்கு அடியில் தடவும் ப்ரைமரும் பஞ்சில் தெரியவே தெரியாது. தண்ணீர் தெளித்து முத்து முத்தாக நிற்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள், அதுவும் ஏமாற்றும், ஏனென்றால் மில்க் விட்டுப்போன எண்ணெய்ப் படலத்தின் மேலும் தண்ணீர் அப்படித்தான் நிற்கும். லேசான ஃபேஸ் வாஷ் போட்டுக் கழுவிய பிறகு பார்த்தால் ஓரளவு நம்பலாம். கழுவுவது எப்படியும் நல்லது, மில்க்கில் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்துவைக்கும் எமல்சிஃபையர் தோலிலேயே தங்கினால் சிலருக்கு அரிக்கும்.

அப்புறம் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் சோதனைக்கு முன்பே லென்ஸைக் கழற்றிவிடுங்கள். கண்ணுக்குள் கொஞ்சம் மில்க் போனாலே எண்ணெய்ப் படலம் படிந்து எல்லாம் மங்கலாகத் தெரியும். லென்ஸ் இல்லாவிட்டால் தண்ணீரில் கழுவிக் கண்ணைச் சிமிட்டினால் தெளிந்துவிடும், லென்ஸில் ஒட்டிக்கொண்டால் அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

முகத்தில் பாதிப் பாதியாகச் செய்வதை நான் யோசிக்கவே இல்லை. அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, மேட் லிப்ஸ்டிக்கை மட்டும் விட்டுவிட்டு, மற்றதெல்லாம் அப்படிப் பார்த்து எழுதுகிறேன்.