மூச்சு வழி மயக்க மருந்து இதயத்தை என்ன செய்யும்?

உசிலம்பட்டிக்காரர்:
வணக்கம். 68 வயதான என் அப்பாவுக்கு மதுரையில் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை அகற்ற நாள் குறித்திருக்கிறார்கள். பிரஷருக்கு மெட்டோபுரோலாலும் டெல்மிசார்ட்டானும் சாப்பிடுகிறார். எக்கோவில் இதயம் சுருங்கும் திறன் சற்றுக் குறைவு என்று எழுதியிருக்கிறது. மயக்கம் கொடுக்கும் கேஸ் இதயத்தையே அமுக்கிவிடும் என்று கம்பவுண்டராக இருந்த பெரியப்பா அடித்துச் சொல்கிறார். உண்மையா?

மயக்கவியல் மருத்துவர், கே.கே. நகர்:
ஐயா, பெரியப்பா சொல்வது அவர் காலத்து ஹாலோத்தேனுக்குப் பெரிதும் பொருந்தும். 1956-இல் புழக்கத்துக்கு வந்த அம்மருந்து இதயத் தசையின் விசையை நேரடியாகக் குறைத்தது. போதாததற்கு, அறுக்கும் இடத்தில் அட்ரினலின் ஊசி போட்டாலே துடிப்பு தாறுமாறாகும் அபாயமும் இருந்தது. இப்போதைய ஐசோஃப்ளுரேன், செவோஃப்ளுரேன், டெஸ்ஃப்ளுரேன் ஆகியவையும் இதயத் தசைக்குள் கால்சியம் நுழைவதை ஓரளவு தடுக்கின்றன என்றாலும், அவற்றால் பிரஷர் இறங்குவதற்கு முதன்மைக் காரணம் ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிவதுதான். உங்கள் பக்கத்து 58 கிராமக் கால்வாய் அகலமாகும் இடத்தில் நீர்மட்டம் தாழ்வதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வழியிலுள்ள மகாதமனி வால்வு சுருங்கியவர்களுக்கு மட்டும் இந்தத் தளர்ச்சியே ஆபத்து. இதயத்தால் கூடுதலாக ரத்தம் தள்ளி அதை ஈடுகட்ட இயலாது. ஆகவே எக்கோ அறிக்கையில் வால்வுகளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். 40 வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 6% வீதம் மருந்தின் தேவை குறைவதால், அப்பாவுக்கு அளவும் குறைவாகவே வைப்பார்கள்.

தியேட்டர் டெக்னீஷியன், மேலூர்:
டாக்டர் சொன்னதோடு ஒன்று. செவோவுக்கு மஞ்சள், ஐசோவுக்கு ஊதா, டெஸ்ஸுக்கு நீலம் என, மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் வேப்பரைசருக்கு நிறம் உண்டு. நீலத்தின் டயலைச் சட்டென்று ஏற்றினால் பிரஷர் இறங்குவதற்குப் பதிலாக, நாடியும் பிரஷரும் சேர்ந்து எகிறும். அதனால் படிப்படியாகவே திருப்புவார்கள். மயக்கம் கொடுத்த பின், கத்தி படும் வரையிலான இடைவெளியில்தான் மானிட்டரில் பிரஷர் இறங்குவதைப் பெரும்பாலும் பார்ப்போம். லேப்ராஸ்கோப்பிக்காக வயிற்றை உப்பவைக்கக் கார்பன் டை ஆக்சைடு ஏற்றியதும் பிரஷர் மேலேறத் தொடங்கும்.

உசிலம்பட்டிக்காரர்:
நன்றி ஐயா. அன்று காலை மாத்திரைகளைக் கொடுக்கலாமா?

மயக்கவியல் மருத்துவர், கே.கே. நகர்:
மெட்டோபுரோலாலை நிறுத்த வேண்டாம்; திடீரென்று நிறுத்தினால் நாடி வேகமெடுக்கும். ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கச் சொல்வதே வழக்கம். டெல்மிசார்ட்டானைப் பலர் 24 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஏனெனில் அது உடலில் இருக்கையில் மயக்கத்தின்போது இறங்கும் பிரஷர் வழக்கமான ஊசிகளுக்கு எளிதில் ஏறுவதில்லை. இதயத் திறன் குறைந்திருப்பதால், அந்த முடிவை அவரைப் பரிசோதிக்கும் மயக்கவியல் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.