இரவு ஜெபம் வேண்டுதல் பட்டியலாகவே முடிகிறது, எப்படி மாற்றுவது?

மாலைத்திரி:
தனி ஜெபத்துக்கு இரவு 10 மணிக்கு மேல்தான் நேரம். கடன், மகளின் தேர்வு, அப்பாவின் சர்க்கரை என்று ஒப்பித்து ஆமென் சொல்வதோடு முடிந்துவிடுகிறது. ‘அன்றாட வாழ்வில் தேவனைக் காணுங்கள்’ என்கிறார்கள். எதை, எப்போது, எத்தனை நிமிடம்? நன்றி நோட்டு எழுதினால் மூன்றாம் வாரத்தில் அதே வரிகள் திரும்ப வருகின்றன. முறை தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

இஞ்ஞாசி வழி:
கத்தோலிக்க மரபில் இதற்கென்றே அன்றாட ஆன்ம ஆய்வு இருக்கிறது. இயேசு சபை என்ற துறவற சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூல் (1548இல் அச்சானது) இதற்கு ஐந்து படிகள் தருகிறது: நன்றி சொல்வது, உள்ளதை உள்ளபடி காண அருள் கேட்பது, கடந்த நாளை மணி மணியாகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, மறுநாளுக்குத் தீர்மானம் எடுப்பது. 15 நிமிடம் போதும். நன்றிக்கு 4, திரும்பிப் பார்க்க 6, மற்ற மூன்றுக்கும் சேர்த்து 5.

நோட்டில் ஒரே வரி திரும்ப வருவது ஏன் தெரியுமா? ‘குடும்பத்துக்காக நன்றி’ என்பது பொதுப்பேச்சு, அது தினமும் ஒன்றுதான். ‘மதியம் அப்பா கேட்காமலே மாத்திரை போட்டுக்கொண்டார்’ என்பது நிகழ்ச்சி, அது நேற்று நடக்கவில்லை. நேரம், இடம், ஆள் மூன்றும் இல்லாத வரியை எழுதாதீர்கள். நாளுக்கு மூன்று வரி போதும், பத்து வேண்டாம்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. படுக்கையில் படுத்தபடி செய்தால் இரண்டாம் படியிலேயே தூக்கம் வரும், நாற்காலியில் உட்காருங்கள். நன்றியைத் தாண்டிக் குற்றத்துக்குப் போனால் ஆய்வு நீதிமன்றமாகிவிடும். நன்றியை முதலில் வைத்தது காரணத்தோடுதான். மனம் வறண்ட நாளில் நேரத்தைக் குறைக்கத் தோன்றும். இஞ்ஞாசியார் நேரெதிராகச் சொல்கிறார்: அன்று கொஞ்சம் கூடுதலாக இருங்கள், ஏற்கெனவே எடுத்த தீர்மானத்தை அந்த நிலையில் மாற்றாதீர்கள்.

இரவு 10க்கு உடம்பு ஒத்துழைக்காவிட்டால் மதிய உணவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இயேசு சபையினர் நண்பகலிலும் இரவிலும் என இரு வேளை செய்யும் வழக்கம் உண்டு.

சங்கீதம்13:
நல்ல முறை. ஆனால் நன்றியே வராத நாளில் என்ன செய்வது? அன்றைக்குப் புலம்ப வேண்டும், அதற்கும் வேதத்தில் வழி இருக்கிறது. சங்கீதம் 13 ஆறே வசனம். முதல் இரண்டில் ‘எதுவரைக்கும்’ நான்கு முறை வருகிறது, அடுத்த இரண்டு விண்ணப்பம், கடைசி இரண்டு நம்பிக்கை. உங்கள் ‘எதுவரைக்கும்’களை நான்கு வரியில் எழுதுங்கள்: கடன் எதுவரைக்கும்? சர்க்கரை எதுவரைக்கும்? ஐந்தாம் வசனத்துக்கு அன்றே வந்துவிட வேண்டும் என்று உங்களை நெருக்காதீர்கள். சங்கீதம் 88 கடைசிவரை இருளிலேயே நிற்கிறது, அதுவும் ஜெபம்தான்.

வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட அட்டைகளில் வரும், எதிர்பார்த்த நல்ல முடிவைத் தருவேன் என்று தேவன் சொல்லும் எரேமியா 29:11ஐத் தனியாகப் பிடித்துக்கொள்வதில் ஆபத்து உண்டு. அது பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதிய கடிதம். 10ஆம் வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. அடுத்த மாதமே எல்லாம் சரியாகும் என்று வாசித்தவர்கள் அடுத்த மாதம் உடைந்துபோகிறார்கள். எனக்கு அந்த அதிகாரத்தில் மிகப் பிடித்தது 5ஆம் வசனம்: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள். காத்திருக்கும் ஊரிலேயே கீரை விதைக்கச் சொல்கிற நம்பிக்கை அது. நீங்கள் கேட்ட அன்றாடம் இங்கேதான் இருக்கிறது.

திருவிவிலிய வாசகர்:
சொல் குழப்பம் ஒன்று. 1 கொரிந்தியர் 13:13இல் பழைய மொழிபெயர்ப்பு ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என்கிறது. பொது மொழிபெயர்ப்பு ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’ என்கிறது. ஒரே ‘நம்பிக்கை’ இரண்டிலும் வேறு வேறு பொருளில் நிற்கிறது: பழையதில் நல்லது வரும் என்று காத்திருப்பது (எதிர்நோக்கு), பொதுவில் தேவனை நம்புவது (விசுவாசம்). நீங்கள் தேடுவது எதிர்நோக்கு. ‘என் விசுவாசம் குறைந்துவிட்டது’ என்று உங்களையே குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டாம்.

செவிலியர்:
இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி கெட்டு எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

மாலைத்திரி:
நன்றி. வசனத்தை எந்தப் படியில் சேர்க்கலாம்?

சங்கீதம்13:
இரவில் வேண்டாம், காலையில் வையுங்கள். புலம்பல் 3:22, 23 தேவனுடைய இரக்கங்களைப் பற்றிச் சொல்கிறது: ‘அவைகள் காலைதோறும் புதியவைகள்’. அடுப்பில் பால் காயும் நேரத்துக்குள் சொல்லி முடித்துவிடலாம். 19ஆம் வசனத்திலிருந்தே தொடங்குங்கள். அங்கே ‘எட்டியும் பிச்சும்’ (எட்டிக்காயும் பித்தமும் போன்ற கசப்பு) இருக்கிறது. அந்தக் கசப்பை வாயால் சொன்ன பிறகுதான் 21இல் ‘நம்பிக்கை கொண்டிருப்பேன்’ வருகிறது.